ஆயிரம் கிலோமீட்டர் வரை

சாவியோடு ஒரு தாள் கொடுத்தான் ஷோரூம் பையன் கிப்ளிமோ.
ஆயிரம் கிலோமீட்டர் வரை
ஐம்பதைத் தாண்டாதே.
ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே.
பாரமேற்றி மேடு ஏறாதே.
ஐந்நூறில் ஆயில் மாற்று.

கையெழுத்துப் போட இன்னொரு தாள்.
நாளொன்றுக்கு நானூற்றைம்பது ஷில்லிங்,
மூன்று நாள் தவறினால்
வண்டி எங்கள் வண்டி.

இரண்டு தாளும் ஒரே மேசையில் கிடந்தன.
ஒன்றையொன்று படித்ததாகத் தெரியவில்லை.

சிவப்பு டேங்க். உறை பிரிக்காத சீட்.
ஏரிக்கரையில் ஆறு வருடம் மீன் கழுவிய கை
கிளட்சைத் தொட்டதும்
செதில் வாசம் பிடித்துக்கொண்டது ரப்பருக்கு.
போகட்டும்.
அதுவும் என்னோடுதானே வரப்போகிறது.

கோண்டெலே ஸ்டாண்டில் பதினேழு ஆண்கள், அப்புறம் நான்.
"பிணவண்டி வருது, தொப்பியைக் கழற்றுங்கடா"
என்பான் ஓகுட்டு, தினமும்,
அதே நகைச்சுவையை,
அதே அளவு சிரிப்போடு.
சைக்கிளில் ரொட்டி விற்கிறவன்
என்னை முந்திப் போய்,
திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டான்.
அதுதான் வலித்தது.

மெக்கானிக் ஒயுகி சொன்னான்:
கண்ணாடி மாதிரி தெரியும், உள்ளே எல்லாம் முள்.
பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும்
ஒன்றையொன்று சீவிச் சீவித்தான் பொருந்தும்.
அவசரப்படுத்தினால் பொருந்தாது.
பொருந்தாதது ஆயில் குடிக்கும்,
சாகும்வரை.
இவ்வளவும் சொன்னவனுக்குக் கல்யாணமாகவில்லை.

ஆறாம் நாள் வசூல் முந்நூற்றுப் பத்து.
மிச்சத்துக்குக் காதில் கிடந்தது போனது.
ரியாத் மேட்டுக்கு ஆள் கேட்டால்
ஓகுட்டுவைக் கை காட்டினேன்.
நல்ல காசு அந்த மேட்டில்.
அவன் புகை மேலேறி மறைவதைப்
பார்த்துக்கொண்டு நின்றேன், நியூட்ரலில்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை
பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பெண்.
பதினேழு பேரும் கூப்பிட்டார்கள்.
அவள் கேட்டது ஒன்றே:
"இதில் யார் மெதுவாகப் போவீர்கள்?"

பதினேழு கையும் என்னைக் காட்டின.

முப்பத்தைந்தில் போனேன்.
முதுகுக்குப் பின்னால் பேச்சே இல்லை.
சந்தை தாண்டி, சர்ச் தாண்டி,
கேட் தெரிந்ததும்
"இன்னொரு சுற்று" என்றாள்.
சுற்றினேன். இரண்டு முறை.
ரிப்போர்ட் வாங்க வந்தாளாம்.
இறங்கியவள் மீட்டரைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியாது.
கோர்ட்டுக்குப் போகிறவன்,
விட்டுப்போன மனைவியின் அம்மா வீட்டுக்கு
ஒரு சேவலோடு போகிறவன்,
பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பையன்.
போய்ச் சேர வேண்டும்,
ஆனால் உடனே வேண்டாம்.
அந்த வாரம் தவணை நிற்கவில்லை.

ஐந்நூறில் ஆயிலை இறக்கினான் ஒயுகி.
தேநீர் நிறம்.
விரலில் தொட்டு வெயிலில் காட்டினான்,
மீன் செதில் மாதிரி மினுமினுவென்று
இரும்புப் பொடி.
"இவ்வளவும் வெளியே வந்தாச்சு" என்றான்.
எனக்கு ஏனோ அந்த டப்பாவைக் கொட்ட மனமில்லை.

ஆயிரம் தொட்டது ஒரு விடியலில்.
அஹேரோ ரோடு, இருபுறமும் நெல்,
பின் சீட்டில் யாருமில்லை.
அறுபது.
எழுபத்தைந்து.
எண்பத்தெட்டில் கண்ணில் நீர், காற்றால்தான்,
கொக்குகள் எழும்பின,
எஞ்சின் அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டது,
நானும் போட்டேன்.
எந்த மொழி என்று கேட்காதீர்கள்.

மறுநாள் ரியாத் மேடு ஏறினேன்,
இரண்டு பேரும் ஒரு மூட்டை சிமென்ட்டும்.
ஓகுட்டு தொப்பியைக் கழற்றினான்,
இந்த முறை வேறு மாதிரி.

நேற்று அவள் மறுபடி வந்தாள்.
தலையில் ஸ்கார்ஃப், உடம்பு பாதியாகி.
மீட்டரில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
அதன்மேல் கையுறையை வைத்தேன்.

"உன் வண்டி இன்னும் புதுசுதானே?"

"ஆமாம்" என்றேன்.
"ஏறு.
ரொம்ப நாள் ஆகும் இது பழக."